ஞாயிற்றுக்கிழமை மூடிய மருந்துக்கடை

பசறையில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். நான் சொன்ன எதையும் அவர் ஒரு தடவையில் நம்பியதில்லை. என்னை மட்டுமல்ல, யாரையுமே நம்பமாட்டார். தலைவலி என்று போனால் "எந்தப் பக்கம்?" என்பார். இடது பக்கம் என்றால் "போன முறையும் இடப்பக்கமோ?" என்பார். மருந்து வாங்கப் போனவர்கள் களவு கொடுத்தவர்களைப் போலப் போய், களவு எடுத்தவர்களைப் போலத் திரும்பி வருவார்கள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரோடு ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னவள் நான். அந்த நேரத்தில் என் தம்பியின் ஒரு வயதுக் குழந்தை பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தது. இன்னொரு தடவை அவர் பெயரை என் வாயால் இழுக்க எனக்கு மனமில்லை.

ஆள் யாழ்ப்பாணத்தவர். ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் மெல்லிய விபூதி. கடையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. மனைவி பசறைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் ஒருவர் கணக்குப் போட, கடையில் மற்றவர் விடை சரியா என்று பார்ப்பார் போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

நான் அப்போது மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். சாதாரண தரம் வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன் என்பதால் வரிசைக் காம்பராக்களாக நாங்கள் குடியிருந்த லயத்தில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் பசறைக்குப் போனால் லயத்து நோய்களையும் சேர்த்துக் கொண்டுபோவேன். அந்த மலைப்பாதையில் பஸ்ஸைக் காத்திருந்து ஏறிப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். நோயாளியால் அது முடியாது. ஆகவே நோய் வந்தவர் வீட்டில் படுத்திருப்பார், நோய் மட்டும் என்னோடு பஸ்ஸில் வரும். போன தடவை குணம் காட்டிய குளிசையின் வெறும் அட்டையைத் தந்து விடுவார்கள். அதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு போவேன். எனக்கு லயத்தில் "பாதி டொக்டர்" என்று பெயர். கேலிக்குத்தான் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதை ஏன் மறைப்பது?

இந்த வழக்கம் அவரிடம் செல்லவில்லை.

"மூணாம் காம்பராவுல இருமலுங்க. அஞ்சாம் காம்பராவுல மூட்டு வலி. கடைசிக் காம்பராவுல வயித்தெரிச்ச," என்று நான் முதல் தடவை ஒப்புவித்தபோது அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"காம்பராவுக்கு இருமல் வராது தங்கச்சி. மனுசருக்குத்தான் வரும். எத்தினை வயசு? சளி என்ன நிறம்?"

"அதெல்லாம் எனக்கெப்பிடிங்க தெரியும்?"

"அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்? வருத்தக்காரரைக் கொண்டு வாங்கோ."

"வர ஏலாமத்தாங்க என்னைய அனுப்புனாங்க. இதே குளுசதான், அட்ட இருக்குப் பாருங்க."

"அட்டை இருக்கு. வருத்தமும் அதேதான் எண்டு நீங்கள் சொல்லுறியள்."

"நீங்கள் சொல்லுறியள்." இதுதான் அவருடைய தாரக மந்திரம். பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். இந்த இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நம்முடைய பேச்சு நமக்கே பொய்யாகத் தோன்றத் தொடங்கும்.

மருந்து கொடுத்தாலும் சும்மா கொடுக்கமாட்டார். பேர், வயது, தோட்டம், எந்த டிவிசன், என்ன வருத்தம் என்று ஒரு நீளக் கொப்பியில் எழுதுவார். தொண்ணூறுகளில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் தோட்டத்து ஆட்களின் பேரைக் கேட்டுக் கேட்டு எழுதினால் சனம் என்ன நினைக்கும்? "அந்தக் கொப்பி பொலிசுக்குப் போகுது" என்றான் என் தம்பி சிவா. அடுத்த மாதமே "அது வடக்குக்கு, இயக்கத்துக்குப் போகுது" என்றான். இரண்டையும் நான் நம்பினேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் மனிதரைச் சந்தேகப்பட்டார் என்றால் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். யாழ்ப்பாணத்தார் எங்களை மனிதராக மதிக்கமாட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவர் மருந்து இல்லை என்று சொன்னபோதெல்லாம், ஊர்க்காரருக்கு என்றால் கொடுத்திருப்பார் என்றே என் மனம் சொல்லும்.

எங்கள் பக்கத்து மருத்துவ அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல டொக்டர் என்றால் கேள்வி கேட்கக் கூடாது, பார்த்தவுடன் தெரிய வேண்டும். குளிசையை விட ஊசி பெரிது. வெள்ளைக் குளிசையை விட இரண்டு நிறக் கப்சியூல் பலமானது. குணமானவுடன் மருந்தை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்க வேண்டும், எறிவது பாவம். கத்தி வெட்டுக் காயத்துக்குக் கப்சியூலை உடைத்து உள்ளே இருக்கிற தூளைக் கொட்டினால் ஒரே நாளில் காயும். இதிலெல்லாம் எனக்கும் முழு நம்பிக்கை இருந்தது.

இந்தக் கப்சியூல் விஷயத்தில் ஒரு தடவை அவரிடம் நேரே மாட்டிக்கொண்டார் எங்கள் கங்காணி. கவாத்துக் கத்தி காலில் பட்டு, சீழ் பிடித்து, டொக்டரிடம் காட்டி மருந்துத் துண்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் கப்சியூலை எண்ணிக் கட்டிவிட்டு, ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரோடு நீட்டினார்.

"இப்ப இதிலை நிண்டு விழுங்குங்கோ."

"வீட்டுக்குப் போயி சாப்புட்டுட்டுப் போட்டுக்கிறேங்க."

"வீட்டை போய்க் காலிலை கொட்டுவியள். விழுங்குங்கோ, நான் பாக்கிறன்."

அறுபது பேரைப் பெரட்டில் நிறுத்தி அதட்டுகிற மனிதர், கடை வாசலில் கப்சியூலை விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார். அந்தக் கோபத்தில் அவர் அந்தக் கடைப் பக்கம் பிறகு போகவே இல்லை. கால் ஆறிவிட்டது. அதற்கும் மாரியம்மனுக்குத்தான் நன்றி சொன்னார்.

இன்னொருவர் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா மாமா. இருமலுக்குப் பாணி மருந்து கேட்டு அவரே நேரில் போனார். குடிக்கிற ஆள். முதலில் அவர் வாயை மோந்து பார்த்துவிட்டு, இருமல் பாணி போதைக்காகக் கேட்கிறாரோ என்று சந்தேகப்பட்டு இல்லை என்றுவிட்டார் கடைக்காரர். மாமா திரும்பி நடந்து, தெருவில் இருமியிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்னால் ஓடி வந்து, எத்தனை கிழமையாக இருமல், இரவில் வேர்க்கிறதா, உடம்பு மெலிந்ததா என்று நடுத்தெருவில் விசாரணை. பாணி மருந்து தரவில்லை. பதுளையில் நெஞ்சு கிளினிக்குக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பரிசோதித்து, காசநோய் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

லயத்தில் என்ன சொன்னோம் தெரியுமா? "இருமலோட போன மனுசன் காசத்தோட வந்தாரு." ஆள் அனுப்பினால் அவருக்கு ஏதோ கிடைக்கிறது என்றும் சொன்னோம். மாமா ஆறு மாதம் மருந்து குடித்துப் பிழைத்து வந்து, திரும்பவும் குடிக்கப் பழகி, பல வருடம் உயிரோடு இருந்தார். அதை யாரும் கடைக்காரரின் கணக்கில் சேர்க்கவில்லை.

நோயாளி வராமல் மருந்து தரமாட்டார் என்று தெரிந்த பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லா நோயும் எனக்குத்தான் என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு மாதம் எனக்கு மூட்டு வலி, அடுத்த மாதம் கண் சிவப்பு, பிறகு பல் வீக்கம். அவர் என் முகத்தைப் பார்ப்பார், முழங்காலைப் பார்ப்பார், "இருந்து எழும்புங்கோ பாப்பம்" என்பார். நான் முனகிக்கொண்டு எழும்புவேன். ஆபத்தில்லாத மருந்து என்றால் தந்துவிடுவார். மற்றதற்கு இல்லை என்பார். ஒரு நாள் கொப்பியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, இதிலை எழுதியிருக்கிற வருத்தமெல்லாம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் போன தைப்பொங்கலுக்கு முந்தியே செத்திருக்க வேணும்."

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குள் ஒரு காந்தல் உட்கார்ந்துகொண்டது.

அந்த மாரியில் மலை ஊற்றிலிருந்து வருகிற எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தம்பி மகள் தர்ஷினிக்கு ஒரு வயதும் சில நாளும். மூன்று நாளாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி மனைவி லெட்சுமி சனிக்கிழமை பொழுதுபட என் காம்பராவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மதினி, நிக்கிற மாதிரி ஒரு குளுச வாங்கிட்டு வாங்க. திங்கக்கெழமையும் மலைக்குப் போகலன்னா பேரு வெட்டிருவாங்க."

"நான் பாத்துக்கிறேன், நீ போ," என்றேன். பாதி டொக்டர் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் நிற்க இடமில்லை. முதலில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கேட்டேன். அதை மட்டும் அதிகம் கேள்வி கேட்காமல் எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டார். ஒரே தரம்தான் எண்ணுவார், அவர் எண்ணிக்கை பிழைத்ததாக யாரும் சொன்னதில்லை. பிறகு வயிற்றோட்டம் நிற்கிற குளிசை கேட்டேன். கை தன்பாட்டில் லாச்சியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் வைத்தது. பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தாங்க."

"எத்தினை நாளாய்?"

"மூணு நாளுங்க."

"மூண்டு நாளாய் வயித்தாலை போற ஆள் மடுல்சீமையிலை இருந்து பஸ்ஸிலை வந்தனீங்களோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

"வீட்டிலை சின்னப் பிள்ளை இருக்கோ?"

"இல்லங்க."

அவர் அட்டையை எடுத்துத் திரும்பவும் லாச்சிக்குள் போட்டு மூடினார். என் கண்ணால் பார்த்தேன். மூன்று ஜீவனிப் பக்கற்றை எடுத்து வைத்தார். "கொதிச்சாறின தண்ணியிலை கரைச்சுக் கரண்டி கரண்டியாய்ப் பருக்குங்கோ. நிப்பாட்டுற குளிசை சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கக் கூடாது, குடல் அசையாமல் நிண்டுபோம். பிள்ளையை நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"எனக்குத்தான்னு சொல்றேன்ல?"

"நீங்கள் சொல்லுறியள்."

உப்பும் சீனியும் கலந்த தூள். அதைத் தந்து அனுப்புகிறார். தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் என்று நினைக்கிறார் என்று என் மனம் கொதித்தது. பக்கற்றுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு நேரே கீழ்த்தெருவுக்கு நடந்தேன். அங்கே என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் பலசரக்குக் கடை வைத்திருந்தான். சவர்க்காரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் குளிசை அட்டைகளும் தொங்கும். அவன் யாரையும் எதுவும் கேட்கமாட்டான்.

"இந்தாங்க மதினி. ரெண்டு போட்டா கல்லு மாதிரி நிக்கும்," என்று அதே மாதிரி அட்டையைக் கிழித்துத் தந்தான்.

அரைக் குளிசையைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். பிறகு இன்னொரு அரை. விடிய இன்னொரு அரை. லெட்சுமி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கல்லுப் போலத்தான் நின்றது. "பாத்தியா?" என்றேன். திங்கள் காலையில் அவள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். பதினொரு மணிக்குப் பிள்ளையின் வயிறு ஊதிப் பளபளவென்று இறுகியிருந்தது. பச்சையாகச் சத்தியெடுத்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் கொழுந்து லொறியை மறித்தார். மலையிலிருந்து ஓடி வந்த லெட்சுமியும் ஏறிக்கொள்ள, லொறி பதுளைக்குப் புறப்பட்டது. நான் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் அம்மா. தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி கேட்டுச் சொன்னாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அட்டையைக் காட்டினேன். எத்தனை என்று கேட்டார்கள். அதில் பொய் சொல்லவில்லை, மூன்று அரை என்றேன். டொக்டர் அம்மாவின் முகம் மாறியது.

"இதக் குடுத்தது யாருன்னு கேக்குறாங்க," என்றாள் தாதி.

லெட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழ்த்தெருக் கடை என்று சொன்னால் சொந்தக்காரன் மாட்டுவான். அதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு மனிதர் வேண்டாம் என்று தடுத்தும் நான் போய் வாங்கினேன் என்பதை லெட்சுமிக்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

"பசறையில அந்த யாழ்ப்பாணத்து ஐயா கடையிலங்க," என்றேன். பேரையும் சொன்னேன்.

பிள்ளைக்கு மூக்கில் குழாய், காலில் ஊசி. ஐந்து நாள் கழித்துத்தான் பால் குடித்தாள். பிழைத்துக்கொண்டாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவா அவர் கடைக்குப் போய், நிறைந்த சனத்துக்கு முன்னால் கத்தியிருக்கிறான். தோட்டத்துப் பிள்ளையென்றால் எந்த விஷத்தையும் கொடுப்பீர்களா, பொலிசுக்குப் போவேன் என்றெல்லாம் கேட்டிருக்கிறான். அட்டையை அவர் முன்னால் வீசியிருக்கிறான். வந்து என்னிடம் சொன்னான்.

"அட்டையக் கையில எடுத்து அப்பிடியே பாத்துக்கிட்டு நின்டாரு அக்கா. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல. 'பிள்ளை தப்பிட்டுதோ'ன்னு மட்டும் கேட்டாரு."

அவர் மறுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. ஏன் மறுக்கவில்லை? அந்தக் காலத்தில் தனியாகக் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தார் பொலிசு என்ற சொல்லுக்கே வாயை மூடுவார்கள். பயந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். இல்லையென்றால் வேறு ஏதோ குற்றம் இருக்க வேண்டும், இதைக் கிளறினால் அது வெளியே வரும் என்று பயப்படுகிறார். இப்படி நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வருடம் நாங்கள் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போனோம். தம்பி வீட்டுக்குப் போகும்போது பசறையில் பஸ் மாறுவேன். அந்தக் கடையின் எதிர்ப்பக்கமாகவே நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருந்தது. சுற்றியிருக்கிற தோட்டமெல்லாம் இறங்கி வருகிற நாளில் எந்த வியாபாரி கடையை மூடுவான்? வேறு வருமானம் இருக்கிறது என்றேன் என் வீட்டுக்காரரிடம். இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையோ போய்ச் சந்திக்கிறார் என்றேன். லெட்சுமி அந்தக் கடை இருக்கிற பக்கம் திரும்பவும் மாட்டாள். "எம்புள்ளையக் கொல்லப் பாத்தவன்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படியே பதினொரு வருடம் போயிற்று. எனக்கு நிஜமாகவே ஒரு நோய் வந்தது, பிரஷர். பதுளையில் கிளினிக் வரிசையில் ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம். எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. வாய் சும்மா இருக்குமா? பசறையில் உங்கள் கடை ஞாயிற்றுக்கிழமை ஏன் திறப்பதில்லை என்று கேட்டுவிட்டேன்.

"அதை ஏன் கேக்கிறியள்," என்றார். "இவர் ஒருக்கால் சனத்துக்குள்ளை மாறி ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் பிழையான குளிசையைப் போட்டுக் குடுத்திட்டார். பிள்ளை தெய்வாதீனமாய்த் தப்பினது. அண்டைக்குப் பிறகு சனம் கூடுற நாளிலை கடை திறக்கிறேல்லை. இப்ப தன்ரை கையைத் தானே நம்புறாரில்லை. ஒண்டை மூண்டு தரம் எண்ணுவார். ராவிலை எழும்பி இருந்து, அட்டையைத் திருப்பி லாச்சிக்குள்ளை போட்டனானோ, உறைக்குள்ளை போட்டனானோ எண்டு என்னைக் கேப்பார். எனக்கென்ன தெரியும்?"

என் பேரைக் கூப்பிட்டார்கள். பிரஷர் பார்த்த தாதி, என்னம்மா இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டாள்.

அவர் பயத்தில் வாயை மூடவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார். என் கண் முன்னால் லாச்சிக்குள் போட்டதைப் போடவில்லை என்று, தன் கையைத் தானே சந்தேகப்பட்டு, பதினொரு வருடம்.

பள்ளி விடுமுறையில் சட்டை வாங்கித் தருகிறேன் என்று லெட்சுமியிடம் சொல்லிவிட்டுத் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை பசறைக்குப் போனேன். பன்னிரண்டு வயது, என் தோளுக்கு வந்துவிட்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். வழியில் பஸ்ஸிலேயே அவளிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

கடையில் ஒரேயொரு மனிதர் நின்றார். மருந்துக்கடைக்காரர் தலை முழுதும் நரைத்திருந்தார். குளிசையை எண்ணி, திரும்பக் கொட்டி எண்ணி, பிறகு வாங்க வந்தவரிடமே தட்டைத் தள்ளி "நீங்களும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ" என்றார். அந்த மனிதர் போகும்வரை காத்திருந்தேன். என்னைக் கண்டவுடன் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஐயா, அந்தக் குளுச நீங்க குடுக்கலங்க. நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. நான் கீழ்த்தெருவுல வாங்கி, ஒங்க பேரச் சொல்லிட்டேன்."

கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"கீழ்த்தெருவிலை ஆருடைய கடை?"

சொன்னேன்.

"அது பூட்டிக் கன காலம். அந்தப் பெடியன் இப்ப எங்கை?"

"சவூதியிலங்க."

"நீங்கள் வாங்கினதைக் கண்ட ஆள் ஆரும் இருக்கோ?"

"இல்லங்க ஐயா. ஆனா சத்தியமா—"

"நீங்கள் சொல்லுறியள்," என்றார், கோபமில்லாமல். "தங்கச்சி, நீங்கள் எனக்குச் சொன்ன பொய் ஒவ்வொண்டும் எனக்குச் சொல்லேக்கையே தெரியும். இதுவும் தெரியுது. ஆரோ என்ரை நிலைமையைச் சொல்லியிருக்கினம், கிழவனுக்கு மனம் ஆறட்டும் எண்டு வந்திருக்கிறியள். நல்ல மனம் உங்களுக்கு. அண்டைக்கு அட்டை மேசைக் கண்ணாடிக்கு மேலை இருந்தது, பூச்சிக் குளிசை உறையும் பக்கத்திலை இருந்தது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

"திரும்ப லாச்சிக்குள்ள போட்டீங்கய்யா. நான் பாத்தேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் இன்னும் நம்பமாட்டார் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

அவர் என்னை விட்டுவிட்டுத் தர்ஷினியைப் பார்த்தார். "இதுதானோ அந்தப் பிள்ளை?"

"ஆமாங்க."

கடைக்குள்ளிருந்து சுற்றி வெளியே வந்தார். அவர் அந்த மேசையைத் தாண்டி வெளியே வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சாப்பாடு செமிக்கிறதா, வயிறு எப்போதாவது நோகிறதா என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பினார்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் யாருக்கும் காட்டித் தர முடியாது. உண்மை அவளுக்கும் தெரியும், சொல்லியும் பயனில்லை என்பதையும் இப்போதுதான் கண்டாள். அவர் கை கூப்பியபடியே நின்றார். அவள் மெதுவாக அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பரவாயில்லங்க ஐயா," என்றாள்.

அவர் மறுகேள்வி எதுவும் கேட்கவில்லை.